பழைய வைஸில் துரு எடுக்க எது சரி: எலுமிச்சை உப்பா, கரண்டா, கிரைண்டரா?

ஏற்காட்டில் நாகலூர்ப் பக்கம் ஒரு காப்பித் தோட்டத்தை என் மைத்துனன் பார்த்துக்கொள்கிறான். அங்கே காப்பிப் பழத்தின் தோலை உரிக்கிற பல்பர் மிஷின் இருக்கிற கொட்டகையில் ஒரு பெஞ்ச் வைஸ், அதாவது சாமானை இறுக்கிப் பிடிக்கிற பட்டறைப் பிடிப்பான், பல வருஷமாகக் கிடந்தது. 5 அங்குலத் தாடை, வார்ப்பிரும்பு, ஒரு ஆள் தூக்கினால் இடுப்பு பிடித்துக்கொள்ளும். மழைக்காலத்தில் பனிமூட்டம் கொட்டகைக்குள்ளேயே வந்து உட்கார்ந்துகொள்ளும், போட்ட துணி மூன்று நாளானாலும் காயாது, அந்த ஈரத்தில் கிரீஸ் இல்லாமல் கிடந்த இரும்பின் கதியைச் சொல்லவே வேண்டாம். "எடுத்துட்டுப் போங்க மாமா, இங்க கிடந்தா எடைக்குத்தான் போகும்" என்றான். சேலத்துக்குக் கொண்டுவந்து வீட்டு மொட்டை மாடியில் வைத்தேன்.

முதல் வேலை கழற்றுவது. டீசலை ஊற்றி ஊற்றி நாலு நாள் விட்டேன், ஐந்தாம் நாள் ஸ்க்ரூ அசைந்தது. சுத்தியலால் ஓங்கி அடிக்கவே கூடாது. வார்ப்பிரும்பு வளையாது, உடையும். உடைந்த வைஸை வெல்டிங் வைத்துப் பழையபடி நம்புவது கஷ்டம்.

சரி, துருவை எதில் எடுப்பது? கேட்ட ஆளெல்லாம் ஒவ்வொன்று சொன்னார்கள். எங்கள் தெருவில் வெள்ளிப் பட்டறை வைத்திருக்கும் அண்ணன், "ஆசிட்ல போடு தம்பி, அஞ்சு நிமிஷத்துல பளிச்சுனு ஆயிடும்" என்றார். அவர் தொழிலில் அது சரி. ஆனால் கடையில் கிடைக்கிற கழிப்பறை ஆசிட் ஹைட்ரோகுளோரிக் அமிலம், துரு தீர்ந்ததும் நல்ல இரும்பையும் தின்னத் தொடங்கிவிடும். அதன் ஆவி பக்கத்தில் இருக்கிற ஸ்பேனர், அரம் எல்லாவற்றிலும் துருவை ஏற்றிவிடும். வீட்டில் குழந்தைகள் வேறு. அதை முதலிலேயே தள்ளிவிட்டேன்.

ஆங்கிள் கிரைண்டரில் கம்பி பிரஷ் மாட்டித் தேய்ப்பதுதான் பெரும்பாலானவர்கள் செய்வது. அரை மணி நேரத்தில் பளபளப்பு வந்துவிடும். எனக்கு இதில் இரண்டு வருத்தம். துரு குழிக்குள் இருக்கிறது, கம்பியோ மேட்டில்தான் ஓடுகிறது. அதனால் குழியில் துரு அப்படியே தங்கி, மேலே மட்டும் மினுங்கும், பெயின்ட் அடித்த பிறகு அந்தக் குழியிலிருந்துதான் மறுபடி கொப்புளம் கிளம்பும். இரண்டாவது, பழைய பெயின்டில் ஈயம் இருக்க வாய்ப்பு அதிகம், அதைத் தூளாக்கிக் காற்றில் விடுகிறோம். கம்பி இழைகள் பிய்த்துக்கொண்டு பறக்கும் என்பதால் கண்ணாடி மட்டும் போதாது, முகம் முழுக்க மறைக்கிற கவசம் வேண்டும். அவசரத்துக்கு ஒரு தட்டையான பரப்பைத் துடைக்க கிரைண்டர் நல்லதுதான், வைஸ் முழுவதற்கும் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

எலுமிச்சை உப்பு, அதாவது சிட்ரிக் அமிலம், மளிகைக் கடையிலேயே கிடைக்கும். வினிகரும் இதே வேலையைத்தான் செய்யும், ஆனால் மெதுவாக, வாடையும் அதிகம். ஒரு லிட்டர் வெந்நீருக்கு 50 முதல் 100 கிராம் வரை கரைத்து, சாமானை முழுக்க மூழ்கவிட்டு, சில மணி நேரத்துக்கு ஒருமுறை எடுத்துத் தேங்காய் நாரால் தேய்க்க வேண்டும். நட்டு, கைத்தண்டு, தாடையில் பதிக்கும் வரிப்பட்டைகள், போல்ட்டுகள் இவற்றுக்கெல்லாம் இதைவிடச் சுலபமான வழி இல்லை. குழிக்குள்ளும், உள்துளைக்குள்ளும் தானே போய்ச் சேரும். ஒரே சிக்கல் நேரம்: இதுவும் அமிலம்தான், மறந்துபோய் இரண்டு நாள் விட்டால் இரும்பு மங்கிச் சாம்பல் நிறமாகி, கூர் விளிம்பெல்லாம் தேய்ந்துவிடும். வைஸின் உடம்பையே மூழ்கடிக்க வேண்டுமென்றால் இருபது லிட்டருக்கு ஒரு கிலோ உப்பாவது வேண்டும்.

என் மனதுக்குப் பிடித்தது மின்பகுப்பு, அதாவது கரண்ட் வைத்துத் துரு எடுப்பது. இருபது லிட்டர் பெயின்ட் வாளி, அது நிறையத் தண்ணீர், அதில் 100 கிராம் சலவைச் சோடா. 12 வோல்ட் பேட்டரி சார்ஜரின் நெகட்டிவை வைஸின் உடம்பில் மாட்டினேன், பாசிட்டிவை வீடு கட்டி மிச்சமான முறுக்குக் கம்பித் துண்டுகளில். நெகட்டிவ்தான் சாமானில், மாற்றி மாட்டினால் வைஸ்தான் கரையும். புதிய சார்ஜர்கள் சில, பேட்டரி இருப்பது தெரியாமல் கரண்டே விடாது, பழைய டிரான்ஸ்பார்மர் வகைதான் இதற்குத் தோது. சுவிட்சைப் போட்டதும் வைஸைச் சுற்றிப் பொடிப் பொடியாகக் குமிழ் கிளம்பும். அது ஹைட்ரஜன். அதனால்தான் மொட்டை மாடி. பக்கத்தில் பீடி, தீக்குச்சி எதுவும் கூடாது. கையை விடுவதற்கு முன் சுவிட்சை அணைக்க வேண்டும்.

சேலத்துக்காரர்களுக்கு இதை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். நம் ஊரில் எவர்சில்வர் தட்டும் தகடும் எந்த வீட்டிலும் கிடைக்கும், துரு பிடிக்காதே என்று அதைப் பாசிட்டிவில் மாட்டத் தோன்றும். மாட்டவே கூடாது. அதில் இருக்கிற குரோமியம் கரைந்து, புற்றுநோய் உண்டாக்கக்கூடிய ஆறிணைதிறக் குரோமியமாகத் தண்ணீரில் சேரும். சோடாவுக்குப் பதில் சாப்பாட்டு உப்பும் கூடாது, குளோரின் வாயு வரும்.

மறுநாள் காலையில் வாளிக்குள் காவி நுரை. வைஸை வெளியே எடுத்தேன். சிவப்பு போய் உடம்பெல்லாம் கறுப்பாக, ஈரக் கரி பூசியது போல இருந்தது. அந்தக் கறுப்பில் பெரும்பங்கு மேக்னடைட் என்கிற கறுப்பு இரும்பு ஆக்சைடு, நம் கஞ்சமலையில் கிடைக்கிற இரும்புத்தாதுவும் அதே சேர்மம்தான். நாரால் ஒரு தேய் தேய்த்ததும் கறுப்பு வழிந்து ஓடி, பக்கவாட்டில் வார்ப்பில் பதிந்திருந்த 5 என்ற எண் மேலே வந்தது. அதுவரை அங்கே ஒரு எண் இருப்பதே எனக்குத் தெரியாது. கிரைண்டர் பிடித்திருந்தால் அதன் விளிம்பு மழுங்கியிருக்கும். இந்த முறையில் துரு தீர்ந்த பிறகும் நல்ல இரும்பு கரைவதில்லை, ஒரு நாள் கூடுதலாக விட்டாலும் பயமில்லை, பழைய பெயின்டும் தோல் தோலாகக் கழன்று வந்துவிடுகிறது. குறை ஒன்று உண்டு. கம்பிக்கு நேரெதிரில் இருக்கிற பக்கம்தான் நன்றாகச் சுத்தமாகும். நான்கு புறமும் கம்பி நட்டேன், அப்படியும் ஸ்க்ரூ போகிற உள்குழியில் துரு மிச்சமிருந்தது. அங்கே எலுமிச்சை உப்புக் கரைசலை ஊற்றித் துணியால் அடைத்து ஒரு ராத்திரி வைத்தேன். ஸ்க்ரூவுக்குப் பின்னால் இருக்கிற ஸ்பிரிங்கை இரண்டிலுமே போடவில்லை, ஹைட்ரஜன் ஏறினால் கெட்டியான ஸ்பிரிங் எஃகு நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடும். அதை டீசலில் நனைத்து உப்புத்தாளால் கையாலேயே தேய்த்தேன்.

ஈர முறை எதுவானாலும், கழுவி எடுத்த சில நிமிஷத்தில் புதுத் துரு ஆரஞ்சாகப் பூக்கத் தொடங்கும். அமிலத்தில் போட்டதை ஆப்ப சோடாத் தண்ணீரில் அலசி, உடனே துடைத்து, வெயிலில் சூடேற்றி, கை பொறுக்காத சூடு வந்ததும் பெயின்ட் படாத இடங்களில் எண்ணெய் தடவிவிட வேண்டும். சேலத்து ஏப்ரல் வெயில் இந்த ஒரு வேலைக்கு அருமை. மற்ற இடங்களுக்கு ரெட் ஆக்சைடு பிரைமர், மேலே இரண்டு கை எனாமல்.

போன வாரம் மைத்துனன் அதே கொட்டகையிலிருந்து இன்னொன்று கொண்டுவந்து கொடுத்திருக்கிறான், 3 அங்குலம்தான், ஒரு சின்ன வாளிக்குள் அடங்கிவிடும். அதற்கு எலுமிச்சை உப்பே போதும். இப்போதைக்கு டீசலில் ஊறுகிறது, ஸ்க்ரூ இன்னும் அசையவில்லை.