இத்தாலியத் தேனீயின் அளவில் வந்த ராணிக் கூண்டு

புதிய ராணித் தேனீயைப் பெட்டியில் சேர்ப்பதற்கென்று விற்கப்படும் பிளாஸ்டிக் கூண்டுகள் ஐந்தை இணையக் கடை ஒன்றில் 250 ரூபாய்க்கு வாங்கி, கடந்த ஐப்பசியில் மூன்று பெட்டிகளில் பயன்படுத்திப் பார்த்தேன். குமரி மாவட்டத்தின் ரப்பர் தோட்ட ஓரத்தில் நான் வளர்ப்பவை அனைத்தும் இந்தியத் தேனீக்கள். கூண்டோ அவற்றைவிட உருவில் பெரிய இத்தாலியத் தேனீக்காகச் செய்யப்பட்டது. விற்பனைப் பக்கத்தில் இது எங்கும் குறிப்பிடப்படவில்லை என்பதே என் முதன்மையான குறை.

ஒரு பெட்டியின் தேனீக்கள் தம் ராணியை மணத்தால் அறிகின்றன. வேற்று மணமுள்ள ராணியை நேரே உள்ளே விட்டால் பந்துபோல் மொய்த்துக் கொன்றுவிடக்கூடும் என்பதால், அதைக் கூண்டில் அடைத்து அடைகளுக்கு நடுவே தொங்கவிட்டு, கூண்டின் வாயில் குழாயை, பொடித்த சர்க்கரையைப் பிசைந்த மாவால் அடைக்கிறோம். பணித்தேனீக்கள் அந்த மாவைத் தின்று வழி திறப்பதற்குள் புதிய மணம் பெட்டிக்குள் பரவிவிட வேண்டும். பழைய ராணியை அகற்றியதும், இளம் புழுக்களிலிருந்து தாமே வேறொரு ராணியை வளர்க்கப் பணித்தேனீக்கள் அவசர ராணி அறைகளைக் கட்டிவிடும் என்பதால், அவற்றையும் தேடி அழித்த பின்னரே கூண்டை வைக்க வேண்டும்.

முதல் பெட்டியில் நேர்ந்தது இழப்பு. கூண்டின் பக்கக் கம்பிகளுக்கு இடைப்பட்ட இடைவெளி வழியே எங்கள் சிறிய பணித்தேனீக்கள் உள்ளே நுழைந்துவிட்டன. மறுநாள் திறந்தபோது, தப்பிக்க இடமின்றி மாட்டிக்கொண்ட ராணி இறந்து கிடந்தது. பாதுகாப்பதற்காக வாங்கிய கூண்டே அதற்குச் சிறையாகிவிட்டது. அடுத்த இரண்டு பெட்டிகளுக்கும், கொசுவலையைவிடக் கண் சற்றுப் பெரிய எஃகு வலையைக் கூண்டின் மேல் சுற்றிக் கட்டினேன். பணித்தேனீக்களால் வெளியிலிருந்து நாவை நீட்டி ராணிக்கு உணவூட்ட முடிகிறது. உள்ளே நுழைய முடிவதில்லை.

இரண்டாவது சிக்கல் கூண்டின் தடிமன். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் திருச்சிராப்பள்ளியில் அருட்தந்தை நியூட்டன் வடிவமைத்த பெட்டியைத்தான் நாங்கள் இன்றும் பயன்படுத்துகிறோம். இந்தியத் தேனீக்கேற்றவாறு நெருக்கமாக அமைந்த, அடைகளைத் தாங்கும் அதன் மரச் சட்டங்களுக்கு இடையே இக்கூண்டு நுழைவதில்லை. ஓரச் சட்டம் ஒன்றை எடுத்துவிட்டு மற்றவற்றை நகர்த்தினால்தான் இடம் கிடைக்கிறது. அப்படி விட்ட இடைவெளியில் தேனீக்கள் கோணல் அடை கட்டத் தொடங்குமுன் கூண்டை எடுத்துவிட வேண்டும்.

உடன் வந்த சர்க்கரை மாவு கல்லாக இறுகியிருந்ததால் தூக்கி எறிந்தேன். வீட்டில் பொடித்த சர்க்கரையை நோயற்ற என் பெட்டித் தேனிலேயே பிசைந்து நிரப்பினேன். கடையில் விற்கும் ஐசிங் சர்க்கரையில் பெரும்பாலும் சோள மாவு கலந்திருக்கும் என்பதால் அது தேனீக்களுக்கு ஏற்றதன்று.

கூண்டின் நல்ல பக்கத்தையும் சொல்ல வேண்டும். ஒளிபுகும் மூடி வழியே உள்ளே நடப்பதைத் தெளிவாகக் காண முடிகிறது. தேனீக்கள் கூண்டின் மேல் இறுக மொய்த்துக் கம்பிகளைக் கடித்தால் ராணியை இன்னும் ஏற்கவில்லை என்று பொருள். விரலால் மெல்ல ஒதுக்கும்போது எளிதாக விலகினால் ஏற்கத் தொடங்கிவிட்டன. மூன்றாம் பெட்டியில் இந்த வேறுபாட்டைப் பார்த்துத்தான், மாவுக் குழாயின் வெளிமூடியை ஒரு நாள் தாமதித்துத் திறந்தேன். அதன் பின் ஒரு வாரம் பெட்டியைத் தொடவில்லை. ராணி கூண்டைவிட்டு வெளியேறிய உடனே பெட்டியைக் கிளறினால் தேனீக்கள் அதன் மேலேயே பாய்ந்துவிடும். எட்டாம் நாள் அடையைத் தூக்கிப் பார்த்தபோது அறைக்கு ஒன்றாக முட்டைகள் இருந்தன. இரண்டாம் பெட்டியும் அவ்வாறே தேறியது.

எங்கள் ஊரில் மூத்தவர்கள் கம்பி வலையைப் பெருவிரல் பருமனில் சுருட்டி, இரு முனைகளையும் மெழுகால் அடைத்துக் கூண்டாக்குவார்கள். செலவில்லாத அந்தக் கூண்டு, சட்டங்களை நகர்த்தாமலேயே அடைகளுக்கு நடுவே பொருந்திவிடும். ராணியைக் கையால் தொடாமல் உள்ளே செலுத்தும் வசதியில் மட்டும் பிளாஸ்டிக் கூண்டு அதை விஞ்சுகிறது. ஆகவே இந்தியத் தேனீ வளர்ப்பவர்களுக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். பயன்படுத்தாமல் மீதமிருக்கும் இரண்டு கூண்டுகளை, இத்தாலியத் தேனீ வளர்க்கும் நண்பர் ஒருவருக்குக் கொடுக்க எடுத்து வைத்திருக்கிறேன்.