மருதானைப் பழைய புத்தகக் கடையில் அகராதி வாங்குவது

டி. ஆர். விஜேவர்தன மாவத்தையில் அகராதி தேடிப் போகிறவர்களுக்கு, வரிசையின் நடுவில் நீலத் தகரக் கதவு போட்ட கடையைத்தான் சொல்வேன். அங்கே இருக்கும் நானா புத்தகத்தை ஆறுதலாகப் பிரித்துப் பார்க்க விடுவார். மொழிபெயர்ப்பு வேலை செய்யும் எனக்கு அதுதான் பெரிய விஷயம். ஆங்கில அகராதி எதைக் கையில் எடுத்தாலும் முதலில், பசிபிக் கடலிலுள்ள குவாம் தீவின் பெயரிலிருந்து வந்த 'குவாமேனியன்' (Guamanian) என்ற பெயரடையைத் தேடுவேன். அகராதி செய்தவர்களின் கவனம் அந்த ஒரு பதிவிலேயே தெரிந்துவிடும்.

"இதையும் பாருங்க மிஸ்" என்று நானா இரண்டு அகராதிகளை எடுத்து வைத்தார். மெல்லியதில் 'குவாம் தீவைச் சேர்ந்த' என்று ஒரே வரி. தடித்ததில் 'குவாமில் வசிப்பவர்' என்ற பொருளும் இருந்தது. தீவின் பூர்வீகக் குடிகளுக்குச் 'சமோரோ' என்று தனிப் பதிவும் இருந்தது.

இந்த இரண்டையும் பிரித்துக் காட்டத்தான் வேண்டும். குவாம் 1898இல் ஸ்பெயினிடமிருந்து அமெரிக்காவின் கைக்குப் போன தீவு. 1941 முதல் 1944 வரை ஜப்பானியர் பிடியில் இருந்தது. போருக்குப் பிறகுதான் 'குவாமேனியன்' பரவலாக வழங்கத் தொடங்கியது. பக்கத்திலுள்ள வட மரியானாத் தீவுகளிலும் சமோரோ மக்கள் இருப்பதால், குவாமில் இருப்பவர்களைப் பிரித்துச் சொல்ல ஒரு பெயர் தேவைப்பட்டது. இன்று பிலிப்பினோக்கள் உட்பட அந்தத் தீவில் வாழும் எவரையும் அது குறிக்கிறது. ஆகவே வட மரியானாவிலுள்ள சைப்பன் தீவின் சமோரோவைக் குவாமேனியன் என்பதும் பிழை, குவாமில் குடியிருக்கும் பிலிப்பினோவைச் சமோரோ என்பதும் பிழை. இலங்கையர் எல்லாரையும் சிங்களவர் என்று எழுதினால் நமக்கு எப்படி இருக்கும்?

தமிழில் 'குவாம் நாட்டு' என்று எழுதுகிறார்கள். அது தனி நாடு இல்லை, அமெரிக்காவின் ஆட்சிப்புலம். 'குவாம் தீவின்', 'குவாம்வாசி' என்று எழுதினால் போதும்.

சரி, விலை. தடித்ததற்கு 2,500 ரூபா சொன்னார், 2,200க்குத் தந்தார். தையல் உறுதியாக இருக்கிறது. பின்னட்டை ஓரத்தைப் பூச்சி அரித்திருந்தாலும் எழுத்தைத் தொடவில்லை. ஒரே குறை, கனமான அகராதிகளைத் தரையோடு அடுக்கி வைத்திருக்கிறார். மழைக்காலத்தில் ஈரம் ஏறிவிடும். அடியில் இருப்பதை எடுத்தால் கடைசிப் பக்கங்களை விரித்துப் பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள். தமிழ் அகராதிகள் அங்கே மிகக் குறைவு, அதற்காகப் போக வேண்டாம்.