அஸ்தம்பட்டி தைராய்டு மருத்துவமனை: என் தாயாரின் அனுபவம்

ஏற்காட்டிலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள் இறங்கி, 68 வயதான என் தாயாரைச் சேலம் அஸ்தம்பட்டிக்கு அருகிலுள்ள ஒரு சிறிய தைராய்டு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றேன். கால் வீக்கம், மூச்சிரைப்பு, நிமிடத்திற்கு 52 ஆகக் குறைந்த நாடித்துடிப்பு எல்லாம் முதுமையின் இயல்பு என்று வேறோரிடத்தில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். அந்தத் தாமதம் எனக்கு இன்றும் வேதனையளிக்கிறது.

இங்குள்ள மருத்துவர் தைராய்டு சுரப்பின் நிலையைக் காட்டும் டி.எஸ்.எச். இரத்தச் சோதனையோடு நிற்காமல், ஈ.சி.ஜி., எக்கோ எனும் இதய ஸ்கேன், கொழுப்புச் சோதனை ஆகியவற்றையும் எடுக்கச் சொன்னார். தைராய்டு சுரப்பு குறையும்போது எல்.டி.எல். எனும் கெட்ட கொழுப்பை இரத்தத்திலிருந்து அகற்றும் கல்லீரலின் வேலை மந்தமாவதையும், இரத்தக் குழாய்கள் இறுகிக் இரத்த அழுத்தத்தின் கீழ் அளவு உயர்வதையும், சிலருக்கு இதய உறையில் நீர் கோத்துக்கொள்வதையும் பொறுமையாக விளக்கினார். வயதானவர்களுக்கு, குறைந்த தைராய்டு சுரப்பை ஈடுசெய்யும் லெவோதைராக்சின் மாத்திரையைத் தொடக்கத்திலேயே முழு அளவில் கொடுத்தால் இதயத்தின் ஆக்சிஜன் தேவை திடீரென உயர்ந்து நெஞ்சுவலி வரக்கூடும் என்பதால், 25 மைக்ரோகிராமில் தொடங்கி, 6 வாரங்களுக்கொருமுறை சோதித்த பிறகே அளவைக் கூட்டினார். மாத்திரை போட்டு அரை மணி நேரமாவது காபி கூடாது என்றதுதான், காபித் தோட்டத்தில் வளர்ந்த அம்மாவுக்குக் கடினமாக இருந்தது.

காத்திருக்கும் நேரம் அதிகம். முதியவர்களுக்கு இருக்கைகள் போதவில்லை. இதை அவர்கள் சரிசெய்தே ஆக வேண்டும். நான்காம் மாதத்தில் கால் வீக்கம் வடிந்தது. அம்மா இப்போது ஏரிக்கரை வரை மூச்சிரைக்காமல் நடந்து வருகிறார்.