செஃபாரியா செயலி: இருபத்து நான்கு மறுப்புகளுக்கும் இடமுள்ள நூலகம்

ஒரே குறளுக்குப் பரிமேலழகர் ஒன்று சொல்வார், மணக்குடவர் வேறொன்று சொல்வார். இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் படித்துப் பழகியவர்களுக்கு செஃபாரியா அந்நியமாகத் தெரியாது. யூத வேதமும், பண்டைய ரபிகளின் (யூத அறிஞர்களின்) விவாதத் தொகுப்பான தல்மூத்தும், அவற்றுக்கு எழுந்த உரைகளும் எபிரேய, அரமேய மூலத்தோடு, பலவற்றுக்கு ஆங்கில மொழிபெயர்ப்போடும் கிடைக்கும் இலவச நூலகம் இது. ஜோஷுவா ஃபோயர், பிரெட் லாக்ஸ்பைசர் இருவரும் 2011-இல் தொடங்கியது, நன்கொடையில் நடக்கிறது. மலேசியாவின் சுங்கை சிப்புட் மாதிரி ஒரு தோட்டப்புற ஊரில், கோயில் மண்டபத்திலோ தமிழ்ப்பள்ளி வகுப்பறையிலோ வாசகர் வட்டம் நடத்துகிறவர்களை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறோம்.

செயலியின் உயிர் அதன் உரைப் பலகைதான். ஒரு வசனத்தைத் தொட்டால் கைப்பேசியில் கீழ்ப்பாதித் திரையிலும் மடிக்கணினியில் பக்கவாட்டிலும் அது திறக்கும். அந்த வசனத்துக்கு உரை எழுதியவர்கள், அதை எடுத்தாண்ட தல்மூத் பகுதிகள், வேதத்தை விரித்துச் சொல்லும் மித்ராஷ் கதைகள் எல்லாம் வரிசையாக வந்து நிற்கும். ஆதியாகமம் 6:9-ஐத் தொட்டுப் பாருங்கள். நோவா தன் தலைமுறையில் நீதிமானாக இருந்தான் என்கிறது வசனம். பலகையில் இடைக்கால உரையாசிரியர் ராஷியைத் திறந்தால், 'தன் தலைமுறையில்' என்ற சொல்லுக்கு மட்டும் இரண்டு பொருள் வைத்திருக்கிறார். கெட்ட காலத்திலேயே நல்லவனாக நின்றவன், நல்லவர்கள் நடுவே பிறந்திருந்தால் இன்னும் உயர்ந்திருப்பான் என்று அதைப் புகழாகக் கொண்டவர்கள் உண்டு. அந்தக் காலத்துக்குத்தான் அவன் நீதிமான், ஆபிரகாமின் காலத்தில் ஒரு பொருட்டாகவே இருந்திருக்க மாட்டான் என்று குறையாகக் கொண்டவர்களும் உண்டு. இரண்டையும் எழுதிவிட்டு ராஷி நிறுத்திக்கொள்கிறார். நம் தலைவர்களைப் பற்றிய பேச்சை இந்த ஒரு வசனத்தில் தொடங்கினால் அரை மணி நேரம் தாராளமாக ஓடும்.

தோட்டத்து மக்களுக்கு இதைவிட நெருக்கமானது 1 இராஜாக்கள் 21. அரண்மனைக்குப் பக்கத்தில் இருக்கும் நாபோத்தின் திராட்சைத் தோட்டத்தை ஆகாப் ராஜா கேட்கிறான், கீரைக்கொல்லை போடுவதற்கு. அதைவிட நல்ல தோட்டமோ, வேண்டுமானால் விலையோ தருவதாகச் சொல்கிறான். பிதாக்களின் சுதந்தரத்தை, அதாவது பரம்பரைச் சொத்தை, தரமாட்டேன் என்கிறான் நாபோத். யேசபேல் இரண்டு பொய்சாட்சிகளை ஏற்பாடு செய்கிறாள். கடவுளையும் ராஜாவையும் தூஷித்தான் என்று குற்றம் சாட்டி அவனைக் கல்லெறிந்து கொல்கிறார்கள். இந்த அளவுக்குக் கதை பலருக்கும் தெரியும். குற்றச்சாட்டு வரும் வசனத்திலிருந்து பலகையில் தல்மூத் பகுதிக்குப் போங்கள், சன்ஹெட்ரின் என்ற நூலில் 48-ஆம் ஏட்டின் பின்பக்கத்துக்கு (செயலியில் 48b). அங்கே கேள்வி சொத்தைப் பற்றியது. அரசுக் குற்றத்துக்காகக் கொல்லப்பட்டவனின் சொத்து அரசனுக்குச் சேரும் என்கிறது ஒரு கட்சி. வாரிசுக்குத்தான் என்கிறார் ரபி யெகூதா. அப்படியானால் ஆகாப் எப்படித் தோட்டத்துக்குள் இறங்கினான் என்று மடக்கினால், அவன் நாபோத்தின் சிற்றப்பா மகன், வாரிசு முறையில் வந்தான் என்று பதில் வருகிறது. 'ராஜாவையும்' என்ற சொல்லைக் குற்றச்சாட்டில் எதற்குச் சேர்த்தார்கள் என்று அடுத்த கேள்வி. துண்டாடப்பட்ட தோட்டங்களையும் காலி செய்யச் சொல்லி வந்த கடிதங்களையும் பார்த்த ஊரில், ஒரு பறிப்புக்குச் சட்டத் தோற்றம் எப்படி ஏறுகிறது என்பதை இவ்வளவு நுணுக்கமாகக் காட்டும் பக்கம் வேறு கிடைப்பது அரிது.

ரசிகர்களுக்கும் இதில் இடம் உண்டு. பாவா மெட்சியா என்ற தல்மூத் நூலில் 84-ஆம் ஏட்டின் முன்பக்கம் (84a): தன்னோடு வாதிட்டுப் படித்த ரேஷ் லக்கீஷ் இறந்தபின் ரபி யோகனான் துக்கத்தில் துவண்டுபோகிறார். தேற்றுவதற்கு எலெயாசர் பென் பெதாத் என்ற அறிஞரை அனுப்புகிறார்கள். யோகனான் எதைச் சொன்னாலும், உங்கள் கருத்துக்கு ஆதாரம் இருக்கிறது என்கிறார் அவர். யோகனானுக்கு அது ஆறுதலாக இல்லை. லக்கீஷின் மகன் (ரேஷ் லக்கீஷ்தான்) நான் சொன்னதற்கு இருபத்து நான்கு மறுப்பு சொல்வான், நான் இருபத்து நான்கு விடை சொல்வேன், அதில்தான் பாடம் விரிந்தது என்று அழுகிறார். கட்அவுட்டுக்குப் பாலாபிஷேகம் செய்கிற பையன்களிடமும், கட்சிக் கிளையில் கைதட்டுகிறவர்களிடமும் இதைப் படித்துக் காட்ட வேண்டும். 'ஏருவின்' என்ற நூலில் 13-ஆம் ஏட்டின் பின்பக்கத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஹில்லேல் என்ற அறிஞரின் வழிவந்த பள்ளியின் பேச்சே சட்டமானதற்கு அங்கே சொல்லப்படும் காரணம், அவர்கள் பொறுமைசாலிகள், எதிர்ப்பள்ளியின் கருத்தைத் தங்களுடையதற்கு முன்பே எடுத்துச் சொன்னவர்கள் என்பது.

இனி, எங்கே சறுக்கும் என்று பார்ப்போம். இடைமுகம் ஆங்கிலமும் எபிரேயமும்தான், எனவே பக்கத்தில் ஒரு தமிழ் பைபிள் வேண்டும். ஆனால் வசன எண் எல்லா இடத்திலும் ஒத்துப்போகாது. சங்கீதங்களின் தலைப்பை யூதப் பதிப்பு வசனமாக எண்ணுகிறது. நம் 51:1 அங்கே 51:3. மல்கியா நம்மிடம் 4 அதிகாரம், அங்கே 3. தாள் அச்சிடுமுன் இதைச் சரிபார்க்காவிட்டால் மண்டபத்தில் ஆளுக்கொரு வசனம் படிப்பார்கள்.

அடுத்தது இன்னும் முக்கியம். தல்மூத்தின் ஆங்கிலத்தில் தடித்த எழுத்து மட்டுமே மூலத்தின் நேர் மொழிபெயர்ப்பு. இடையில் வரும் மெல்லிய எழுத்து உரையாசிரியர் ரபி ஸ்டைன்சால்ட்ஸின் விளக்கம். இரண்டையும் கலந்து 'தல்மூத் சொல்கிறது' என்று மேற்கோள் காட்டுவதுதான் புதியவர்கள் செய்யும் முதல் பிழை. தல்மூத்தில் ஏறக்குறைய எல்லா நூலும் 2-ஆம் ஏட்டில்தான் தொடங்கும். முதல் ஏடு தலைப்புப் பக்கத்துக்குப் போய்விட்டது, தேட வேண்டாம். நூல் பெயரைத் தட்டச்சு செய்தால் எழுத்துக்கூட்டல் தொல்லை. பட்டியலில் தல்மூத், அதன் பிரிவான நெசிகின், பிறகு பாவா மெட்சியா என்று இறங்குவது சுலபம். 'ஷீட்ஸ்' பகுதியில் இருப்பவை பயனர்கள் தொகுத்தவை, தரம் ஏறும் இறங்கும். மூலத்தைத் திறந்து பார்த்த பிறகே எடுத்துக்கொள்ளுங்கள்.

செயலியின் மேல் எங்களுக்குள்ள பெரிய குறை பக்க அமைப்பு. அச்சுத் தல்மூத்தில் நடுவே மூலம், ஒருபுறம் ராஷி, மறுபுறம் அவருக்குப் பின்வந்தோரின் உரையான தோசஃபோத். வெனிஸில் டேனியல் பாம்பெர்க் 1520 முதல் அச்சிட்ட பதிப்பில் நிலைபெற்ற அமைப்பு அது. மூவர் பேசுவதை ஒரே பார்வையில் காட்டும். கைப்பேசியில் அது துண்டுதுண்டாகிவிடுகிறது. தல்மூத்துக்கான ராஷி உரையும் பெரும்பாலும் எபிரேயத்தில் மட்டுமே இருக்கிறது. புரொஜெக்டர் இருந்தால் மடிக்கணினியில் திறப்பதே நல்லது. தோட்டத்து உள்புறத்தில் லைன் விட்டுவிட்டு வரும் என்பதால், தேவையான நூல்களை டவுன் வைஃபையிலேயே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். ஸ்டைன்சால்ட்ஸ் மொழிபெயர்ப்பை இலவசமாகப் போட்டோஸ்டேட் எடுத்துக் கொடுக்கலாம், காசு வாங்கி விற்க உரிமம் இடம் தராது.

யூத நூல் என்றாலே பேச்சு காசாவுக்குப் போகும். அதை மறைக்க வேண்டியதில்லை. தல்மூத் இன்றைய இஸ்ரேல் அரசுக்குப் பல நூற்றாண்டுகள் மூத்தது என்பதை முதலில் சொல்லிவிட்டு, எண்ணாகமம் 33:53-க்கு இடைக்கால உரையாசிரியர் ராம்பான் எழுதிய உரையையும், கெதுபோத் என்ற தல்மூத் நூலில் 111-ஆம் ஏட்டின் முன்பக்கத்தையும் சேர்த்துத் திறங்கள். நாட்டில் குடியேறுவது கட்டளை என்று வாதிடும் யூதர்கள் முன்னதைக் காட்டுகிறார்கள். மதில்போல் கூட்டமாகத் திரண்டு அந்த நாட்டுக்கு ஏறிப் போகக்கூடாது என்ற ஆணையை வைத்து அரசையே மறுக்கும் வைதிக யூதர்கள் பின்னதைக் காட்டுகிறார்கள். செயலி இரண்டையும் ஒரே மாதிரி திறந்து காட்டுகிறது.

தொடர்ந்து படிக்க விரும்பினால் 'தஃப் யோமி' அட்டவணை செயலியிலேயே உண்டு. நாளுக்கு ஓர் ஏடு, மொத்தம் 2,711 ஏடு, ஏறக்குறைய ஏழரை ஆண்டு. இப்போதைய சுற்று 2027 ஜூன் 7-இல் முடிந்து மறுநாளே முதல் நூலான பெராகோத்தின் 2-ஆம் ஏட்டில் அடுத்தது தொடங்கும். புதிதாக வருகிறவர்கள் நடுவில் ஏறித் திண்டாடாமல், அதுவரை மேலே சொன்ன நான்கு தல்மூத் பக்கங்களை வாரம் ஒன்றாகப் படித்துக் கை பழகிக்கொள்ளலாம். முதல் வாரத்துக்கு சன்ஹெட்ரின் 48.