டெம்போ 1டி: ஓக்லண்டின் விரைவு பஸ்ஸும் அதை வடிவமைத்த கூட்டங்களும்

சான் ஃபிரான்சிஸ்கோவுக்கு எதிர்க்கரையில் இருக்கும் ஓக்லண்டின் நகர மையத்தில் கிளம்பி, பக்கத்து ஊரான சான் லியாண்ட்ரோவில், பார்ட் எனும் வட்டார ரயிலின் நிலையத்தில் முடிகிறது டெம்போ. தட எண் 1டி. அலமீடா, கான்ட்ரா கோஸ்டா மாவட்டங்களில் பஸ் ஓட்டும் ஏசி டிரான்சிட் அமைப்பு இதை 2020 ஆகஸ்ட் 9 அன்று திறந்தது. நீளம் 9.5 மைல், அதாவது 15 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூடுதல். 46 நிறுத்தங்கள். செலவு சுமார் 23 கோடி டாலர். பஸ் நேரத்துக்கு வருகிறதா, உட்கார இடம் கிடைக்கிறதா என்பதோடு நிறுத்திக்கொண்டால் அது பாதி விமர்சனம்தான். இந்தத் தடத்தில் எது நன்றாக இருந்தாலும், எது கோணலாக இருந்தாலும், காரணத்தைத் தோண்டினால் ஏதோ ஒரு கருத்துக்கேட்புக் கூட்டத்தில் போய் நிற்கும். அதனால் பஸ்ஸையும் கூட்டங்களையும் சேர்த்தே எடைபோட வேண்டியிருக்கிறது.

முதலில் பஸ். சென்னையில் வெஸ்டிபூல் பஸ் என்போமே, அதே வகை: நடுவில் மடிப்பு வைத்த 60 அடி வண்டி. அமெரிக்காவில் வண்டிகள் சாலையின் வலப்பக்கம் ஓடும். டெம்போவின் நிறுத்தங்களில் பல சாலையின் நடுவே இருக்கின்றன. எனவே வண்டியின் இரண்டு பக்கமும் கதவு வைத்திருக்கிறார்கள். நடைமேடையும் வண்டியின் தளமும் ஒரே மட்டம் என்பதால் சக்கர நாற்காலியும் குழந்தை வண்டியும் தூக்காமல் உள்ளே போகின்றன. சைக்கிளை முன்பக்கக் கம்பியில் மாட்ட வேண்டாம், உள்ளேயே நிறுத்தலாம். டிக்கெட்டை நிறுத்தத்திலேயே வாங்கிவிட வேண்டும், அல்லது கிளிப்பர் என்ற கட்டண அட்டையை அங்குள்ள கருவியில் தட்ட வேண்டும். வண்டிக்குள் காசு வாங்குவதில்லை. எல்லாக் கதவிலும் ஏறலாம் என்பதால் நிறுத்தத்தில் நிற்கும் நேரம் குறைகிறது. கட்டணம் சாதாரண டவுன் பஸ்ஸுக்கு உள்ளதேதான்.

சேவையாகப் பார்த்தால் இது நல்ல தடம். ஓக்லண்டுக்குள் பெரும்பகுதி பஸ்ஸுக்கென்றே தனிப்பாதை. சிக்னலும் பஸ்ஸுக்கு ஒத்துழைக்கும்படி அமைக்கப்பட்டிருக்கிறது. ஏசி டிரான்சிட்டில் கூட்டம் அதிகம் ஏறும் தடங்களில் இது ஒன்று. கார் இல்லாத குடும்பங்கள் நிறைந்த கிழக்கு ஓக்லண்டுக்கு இது ஆடம்பரம் அல்ல, அன்றாடத் தேவை.

ஆனால் திட்டத்தில் முதலில் வரைந்த தடம் இது இல்லை. வடக்கே உள்ள பெர்க்லி நகரில் தொடங்கி, டெலிகிராஃப் அவென்யூ வழியாக ஓக்லண்டு வந்து, கிழக்கு ஓக்லண்டின் முக்கியச் சாலையான இன்டர்நேஷனல் பூலவார்டு வழியாக சான் லியாண்ட்ரோ போவதுதான் மூலத் திட்டம். 2007-இல் வந்த சுற்றுச்சூழல் வரைவு அறிக்கையில்கூட பெர்க்லி இருந்தது. டெலிகிராஃபில் கடை வைத்திருந்தவர்களும் அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்களும் எதிர்த்தார்கள். கார் பாதை குறையும், பார்க்கிங் போகும், நெரிசல் உள்தெருக்களுக்குள் புகும் என்பது அவர்கள் வாதம். பஸ்ஸுக்குத் தனிப்பாதை ஒதுக்குமுன் ஊர் முழுக்க வாக்கெடுப்பு நடத்த வேண்டும் என்று 2008 நவம்பரில் கேகே என்ற தீர்மானத்தைத் தேர்தலில் வைத்தார்கள். பெர்க்லி வாக்காளர்கள் அதைப் பெருவாரியாகத் தோற்கடித்தார்கள். அப்படியானால் பஸ் வந்திருக்க வேண்டும் அல்லவா? 2010 ஏப்ரலில் நகர மன்றம் தனிப்பாதை யோசனையை மேற்கொண்டு ஆராயக்கூட ஒப்பவில்லை. மாலையில் கூட்டத்துக்கு வந்து இரண்டு நிமிடம் மைக் பிடிக்க முடிந்தவர்களின் எண்ணிக்கைக்கும் வாக்குச்சாவடிக்கு வந்தவர்களின் எண்ணிக்கைக்கும் இருந்த தூரம்தான் இன்றைய வரைபடத்தில் பெர்க்லி இல்லாமல் போனதற்குக் காரணம். இன்றும் பெர்க்லிக்குப் போக வேண்டுமென்றால் ஓக்லண்டில் இறங்கி 6ஆம் எண் பஸ்ஸில் ஏற வேண்டும்.

தெற்குக் கோடியில் வேறு கதை. சான் லியாண்ட்ரோ பஸ்ஸை வரவேற்றது. பாதையை விட்டுக்கொடுக்கத் தயங்கியது. எல்லை தாண்டிக் கொஞ்ச தூரத்தில் தனிப்பாதை முடிந்துவிடும். அதற்கப்பால் பஸ் மற்ற வண்டிகளோடு முட்டி மோதித்தான் போகிறது. வண்டிக்குள் இருந்தாலே வித்தியாசம் தெரியும்: ஓக்லண்டில் நிறுத்தத்துக்கு நிறுத்தம் சீராக வந்த பஸ், அங்கே ஒவ்வொரு சிக்னலிலும் வரிசையின் வாலில் நிற்கும். எந்த ஊர் எதை விட்டுக்கொடுத்ததோ அந்த அளவுக்குத்தான் அந்த ஊருக்கு வேகம்.

கிழக்கு ஓக்லண்டில் நடந்த கருத்துக்கேட்பைத்தான் நிதானமாகப் பார்க்க வேண்டும். ஸ்பானிஷ், சீனம், வியட்நாமியம் பேசுவோர் நெருக்கமாக வாழும் தெரு இன்டர்நேஷனல் பூலவார்டு. மேலும் தெற்கே போனால் கறுப்பினக் குடும்பங்களின் பழைய பேட்டைகள். அறிவிப்புகள் பல மொழிகளில் போயின. அந்தத் தெருவிலுள்ள ஃப்ரூட்வேல் பேட்டையில் ஒரு தகவல் மையம் திறந்து, யார் வேண்டுமானாலும் வந்து வரைபடத்தைப் பார்க்கலாம் என்று வைத்தார்கள். ஃப்ரூட்வேலுக்கு இதில் பழக்கம் உண்டு. 1991-இல் அங்குள்ள ரயில் நிலையத்தில் பார்ட் நிர்வாகம் பல மாடிக் கார் நிறுத்தம் கட்டப் பார்த்தபோது, யூனிட்டி கவுன்சில் என்ற உள்ளூர் அமைப்பு தலையிட்டு மாற்றுத் திட்டம் போட்டது. வீடும் கிளினிக்கும் நூலகமும் கடைகளுமாக 2004-இல் ஃப்ரூட்வேல் வில்லேஜ் எழுந்தது அதிலிருந்துதான். எதிர்ப்பதோடு நிற்காமல் பதிலுக்கு வரைபடம் கொண்டுவரும் ஊர் அது.

கூட்டங்களால் உருப்படியாகக் கிடைத்தவை உண்டு. தெருவோரம் போகும் பார்க்கிங்குக்குப் பதிலாக ஃப்ரூட்வேலிலும் எல்ம்ஹர்ஸ்டிலும் கார் நிறுத்தத் திடல்கள் வந்தன. புதிய சிக்னல்களும் நடைபாதைச் சரிவுகளும் தெருவிளக்குகளும் வந்தன. நிறுத்தங்களின் உலோகத் தடுப்புகளில் ஜொஹானா போய்திக், மில்ட்ரெட் ஹோவர்ட் உள்ளிட்ட கலைஞர்கள் அந்தந்தப் பேட்டைக்கேற்ற வடிவங்களை வெட்டியிருக்கிறார்கள். ஒப்புக்கு மாட்டிய அலங்காரம் அல்ல. எந்த நிறுத்தம் என்று பெயர்ப்பலகை பார்க்காமலே அடையாளம் கண்டுகொள்ள உதவுகிறது.

பார்க்கிங் சண்டை எங்கும் ஒரே மாதிரிதான் வரும், அதற்குக் கணக்கு ஒன்று இருக்கிறது. இரண்டு பஸ் பாதைக்கு 22 அடி, இரண்டு கார் பாதைக்கு 22 அடி, இரு ஓரமும் பார்க்கிங்குக்கு 16 அடி, மொத்தம் 60. நடுவில் 10 அடி நடைமேடை வந்தால் 70. சாலை அகலம் 60 அடிதான் என்றால் நிறுத்தம் இருக்கும் இடத்தில் மட்டும் பார்க்கிங் போகும், மற்ற இடங்களில் இருக்கும். பாதைகள் வளைந்து விலகிச் சேரும் நீளத்தையும் கூட்டினால் ஒரு நிறுத்தத்துக்கு 150 முதல் 200 அடி. ஒரு காருக்கு 22 அடி வைத்தால் ஒரு பக்கத்துக்கு 7 முதல் 9 கார். ‘இத்தனை சதவீதப் பார்க்கிங் குறையும்’ என்று தடம் முழுவதற்கும் சராசரி சொன்னால் ஒவ்வொரு கடைக்காரரும் தன் வாசலில்தான் போகிறது என்று நினைப்பார். எந்தக் கதவிலக்கம் முதல் எந்தக் கதவிலக்கம் வரை என்று சொன்னால் பத்துக் கடைக்காரர்களோடு மட்டும் பேச்சு நடத்தினால் போதும்.

இனி, கோட்டைவிட்ட இடம். முன்பு இன்டர்நேஷனல் பூலவார்டில் ஒவ்வொரு திசைக்கும் இரண்டு பாதை. இப்போது ஒன்று பஸ்ஸுக்கு, ஒன்று மற்றவர்களுக்கு. பஸ் பாதையைப் பிரிப்பது பெரும்பாலும் கோடும் எழுத்தும்தான். ஏற முடியாத உயரத்தில் தடுப்பு இல்லை. பத்து நிமிடத்துக்கு ஒரு பஸ் என்றால் மிச்ச நேரமெல்லாம் அந்தப் பாதை காலியாகக் கிடக்கும். பக்கத்துப் பாதையில் சரக்கு இறக்கும் லாரி ஒன்று நின்றுவிட்டால் பின்னால் வருபவர் காலிப் பாதையில் தாவுவார். ஒருமுறை தாவிப் பார்த்தவர் மறுநாள் லாரி இல்லாதபோதும் தாவுவார், அதுவும் வேகமாக. தெருவைக் கடப்பவருக்கு இது எமன்: கண் முன்னால் கார்கள் நிற்கின்றன, பாதை காலி என்று அடியெடுத்து வைக்கிறார், நின்ற வண்டிகளின் மறைவிலிருந்து பஸ் பாதையில் ஒரு கார் பாய்கிறது. ஏற்கெனவே ஓக்லண்டின் ஆபத்தான தெருக்களில் ஒன்றாக இருந்த இடத்தில் டெம்போ வந்த பிறகும் உயிர்ப்பலி தொடர்ந்ததற்கு இது பெரிய காரணம்.

கூட்டங்களில் பார்க்கிங் பற்றியும் திருப்பங்கள் பற்றியும் பேசிய அளவுக்கு ‘இந்தப் பாதையில் காரை வரவிடாமல் தடுப்பது யார், எதை வைத்து’ என்று பேசவில்லை. போலீஸ் பார்த்துக்கொள்ளும் என்று எல்லோரும் விட்டுவிட்ட விஷயம் அது. பஸ்ஸில் கேமரா வைத்துப் பிடிக்கலாமே என்றால், 2021-இல் வந்த கலிஃபோர்னியா சட்டம் பஸ் பாதையில் நிறுத்தியிருக்கும் வண்டிக்குத்தான் அபராதம் போட விடுகிறது. ஓடும் வண்டிக்கு இல்லை. பிறகு கம்பங்களும் ரப்பர் தடுப்புகளும் ஒட்டுப்போட வேண்டிவந்தது. முதல் வரைபடத்திலேயே அவற்றைக் கேட்டிருக்கலாம். ஆம்புலன்ஸும் தீயணைப்பு வண்டியும் ஏறிப்போகும் அளவுக்குச் சரிவாகவும், கார் வேகமெடுக்க முடியாத அளவுக்கு அடிக்கடியும் வைக்கிற தடுப்பு ஒன்றும் புதுக் கண்டுபிடிப்பு அல்ல.

கட்டுமானக் காலம் அடுத்த குறை. 2016-இல் வேலை தொடங்கிக் கடைசி நடைமேடை தயாராக நான்கு வருடம் ஆனது. பழைய தெருவின் அடியில் குடிநீர், கேபிள், எரிவாயுக் குழாய்கள் வரைபடத்தில் காட்டிய இடத்தில் இருக்கவே இருக்காது. தோண்டிய பிறகுதான் தெரியும், அதோடு தேதியும் தள்ளும். வேலி பெயர்ப்பலகையை மறைக்கும், வாசலில் வண்டி நிறுத்த முடியாது, சிறு கடைக்கு இரண்டு மாத வாடகையே பெரிய அடி. வியாபாரம் விழுந்த நாட்களுக்கு நேரடி ஈட்டுத்தொகை வேண்டும் என்றுதான் கடைக்காரர்கள் கேட்டார்கள். ஆலோசகரை அனுப்பி விளம்பரம் செய்யச் சொல்லித்தருவது அதற்கு ஈடாகாது. வளைகுடாவின் மறுகரையில் சான் ஃபிரான்சிஸ்கோவின் வான் நெஸ் தடம் இதைவிட மோசம்: சுமார் 2 மைல்தான், 2016-இல் தோண்ட ஆரம்பித்து 2022 ஏப்ரல் 1 அன்றுதான் பஸ் ஓடியது. ஆனால் அங்கே ஒரு புத்திசாலித்தனம் உண்டு. பஸ் பாதையை நடுவில் வைத்து, நடைமேடையைப் பஸ்ஸின் வலப்பக்கம் வருமாறு அமைத்தார்கள். ஆகவே சாதாரண பஸ்ஸும், வடக்கிலிருந்து வரும் கோல்டன் கேட் பஸ்ஸும் அதே நிறுத்தத்தில் நிற்கின்றன. டெம்போவின் நடு நிறுத்தங்களுக்கு இடப்பக்கக் கதவு வைத்த வண்டிதான் வேண்டும். அத்தகைய வண்டி பழுதானால் டிப்போவில் சும்மா நிற்கும் சாதாரண பஸ்ஸைக் கொண்டுவந்து ஈடுகட்ட முடியாது.

உங்கள் ஊரில் இப்படி ஒரு தடத்துக்குக் கூட்டம் போட்டால், வண்ணப்படங்களைத் தள்ளிவைத்துவிட்டு ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் குறுக்குவெட்டு வரைபடம் கேளுங்கள். அதில் அடிக்கணக்கு இருக்க வேண்டும். தெருவைக் கடக்கப் பச்சை விளக்கு எத்தனை நொடி என்று கேளுங்கள்: நொடிக்கு 3.5 அடி என்று கணக்குப் போடுவது அங்கே வழக்கம், அதன்படி 70 அடிக்கு 20 நொடி. கைத்தடி ஊன்றி நடப்பவருக்கு அது போதாது, நடு மேடையில் ஒதுங்கி நிற்க இடம் வேண்டும். சரக்கு லாரி காலை எத்தனை மணிக்கு எந்தக் கடையில் நிற்கிறது என்று கடைக்காரர்களே ஒரு வாரம் குறித்துக் கொடுத்தால் எந்தப் பொறியாளரும் அதை ஒதுக்க முடியாது. சரக்கு இறக்கும் இடத்தை உடனே குறுக்குத் தெருவின் முனையில் குறிக்கச் சொல்லலாம். கூட்டத்தை வேலை நாள் மாலையில் மட்டும் வைத்தால் அந்த பஸ்ஸிலேயே வேலைக்குப் போகிறவர்கள் வர மாட்டார்கள். நிறுத்தத்திலும் பஸ்ஸுக்குள்ளும் வந்து கேட்கச் சொல்லுங்கள், வந்தவர்களில் பஸ் பயணிகள் எத்தனை பேர் என்று அறிக்கையில் எழுதச் சொல்லுங்கள்.

மதிப்பெண் போட வேண்டுமென்றால், பஸ்ஸுக்கு ஐந்துக்கு நான்கு. கருத்துக்கேட்புக்கு இரண்டரை, அந்த அரை ஃப்ரூட்வேல் தகவல் மையத்துக்காக.

பயணிக்கு இரண்டு குறிப்பு. அவசரத்தில் கிளிப்பர் அட்டையைத் தட்டாமல் ஏறிவிட்டால் உள்ளே தட்டக் கருவி தேடி அலைய வேண்டாம், அடுத்த நிறுத்தத்தில் இறங்கித் தட்டிவிட்டு அடுத்த வண்டியில் ஏறுங்கள். பே ஃபேர் பக்கம் போகிறவர்கள் சான் லியாண்ட்ரோ பார்ட்டில் 10ஆம் எண்ணுக்கு மாற வேண்டும். பழைய 1ஆர் பஸ் பே ஃபேர் வரை நேரே போய்க்கொண்டிருந்தது.