வழிகாட்டி ஆசிரியர்களுக்கான மூன்று சனிக்கிழமைப் பயிற்சி: ஒரு மதிப்புரை

தில்லி அரசுப் பள்ளியொன்றில் ஆறாம் வகுப்புக்குக் கணிதம் கற்பிக்கும் என்னிடம் ஆண்டுதோறும் பி.எட். பயிற்சி மாணவர்கள் ஓரிருவரை ஒப்படைப்பது வழக்கம். அவர்களுடைய பாடக்குறிப்பேட்டில் கையெழுத்திடுவதே வழிகாட்டுதல் என்று நெடுநாள் நினைத்திருந்தேன். தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் 2014ஆம் ஆண்டு விதிமுறைகள் பி.எட். படிப்பை ஈராண்டாக்கி, இரண்டாம் ஆண்டில் 16 வாரப் பள்ளிப் பயிற்சியை வகுத்தன. ஏறக்குறைய நான்கு மாதம் என்பது ஒருவரைக் கெடுப்பதற்கும் போதுமான காலம் என்பதால், நகரின் ஆசிரியர் கல்வி நிறுவனம் ஒன்று கட்டணமின்றி நடத்திய இப்பயிற்சியில் சேர்ந்தேன்.

முதல் சனிக்கிழமையில் தேநீர் நன்றாக இருந்தது. இரண்டாவதில்தான் சரக்கு இருந்தது. கடைசி பெஞ்சில் அமர்ந்து, நேரம், ஆசிரியர் சொன்னது, பிள்ளைகள் செய்தது என மூன்று பத்திகளில் கண்டதை மட்டும் எழுத வேண்டும். 'நன்று', 'சுமார்' போன்ற சொற்களுக்கு அதில் இடமில்லை. மறுவாரமே, கரோல் பாக்கில் வளர்ந்த தமிழ்ப் பயிற்சி மாணவி ஒருவர் பின்னங்கள் நடத்தியபோது எழுதிப் பார்த்தேன். அவர் 14 முறை 'சமஜ் மே ஆயா?' (புரிந்ததா?) என்று இந்தியில் கேட்க, வகுப்பு 14 முறையும் 'ஆயா!' என்று முழங்கியது (தமிழ்க் காதுக்கு அது வேறு யாரையோ அழைப்பதுபோல் இருக்கும்). மூன்றாம் பத்தியில் எழுத எனக்கு வேறொன்றும் கிடைக்கவில்லை. முன்பென்றால் 'மாணவர் பங்கேற்பு போதாது' என்று எழுதி முடித்திருப்பேன். தாளைக் கொடுத்ததும் அவரே எண்ணிப் பார்த்து, "பதினாலு தடவையா, மேடம்?" என்று சிரித்துவிட்டார். மறுநாள் காகிதத்தை மடித்து முக்கால் பங்கைக் காட்டச் சொன்னார். பாதிப் பேர் மூன்றாக மடித்திருந்தனர்.

குறைகளும் உண்டு. கையேடு முழுவதும் ஆங்கிலம். பயிற்சி மாணவருக்கு மதிப்பெண் இடுபவரும் வழிகாட்டியே என்னும்போது அந்த மாணவர் எப்படி மனம்விட்டுப் பேசுவார் என்ற கேள்வியை மூன்றாம் சனிக்கிழமை தொடவே இல்லை. வகுப்பு முடிந்ததும் நாற்பது நிமிடம் அமர்ந்து பேசுங்கள் என்கிறார்கள். எங்கள் ஓய்வு பீரியடையோ 'அரேஞ்ச்மென்ட்' (வராத ஆசிரியரின் வகுப்பைப் பார்த்துக்கொள்வது) விழுங்கிவிடுகிறது, பேச்சு மாடிப்படியிலேயே முடிகிறது. இதைக் கேட்டதற்கு, "முதல்வரிடம் பேசுங்கள்" என்பதே பதில்.

சேர விரும்புவோர், வாரம் ஒரு பாடவேளை விலக்கை முன்கூட்டியே எழுத்தில் பெற்றுக்கொண்டு சேருவது நல்லது. எனக்கு அது இன்னமும் வாய்மொழியாகத்தான் இருக்கிறது.