காரைத் தானம் கொடுக்கப் போகிறீர்களா? என் கதையைக் கேட்டுவிட்டுக் கொடுங்கள்

கலிபோர்னியாவில் டிசம்பர் வந்தால் போதும், ரேடியோவில் ஒரே பல்லவி: பழைய காரைத் தானமாகக் கொடுங்கள், நாங்களே வந்து எடுத்துப் போகிறோம், வரியும் மிச்சமாகும். 2023 கடைசியில் நானும் அதில் விழுந்தேன்.

வண்டி 2006 ஹோண்டா அக்கார்டு. 1,68,000 மைல் ஓடியது, ஏசி வேலை செய்யாது, ஆனால் ஒரு நாளும் நடுவழியில் நின்றதில்லை. பழைய கார்களின் விலை சொல்லும் கெல்லி புளூ புக்கில் போட்டுப் பார்த்தால் 3,400 டாலர் காட்டியது. கீழ் வீட்டுக்காரர் 2,500 டாலர் ரொக்கமாகத் தருவதாகச் சொன்னார். "பேசாம அவருக்கே குடுத்துடுங்க" என்றாள் மனைவி. நான்தான் பெரிய கணக்குப் போட்டேன். குழந்தைகள் நல அமைப்புக்குப் போகிறது, வரிக்கணக்கில் வருமானத்திலிருந்து 3,400-ஐயும் கழித்துக்கொள்ளலாம். போனில் பேசிய பெண்ணிடம் இரண்டு முறை கேட்டேன். முழு மதிப்புக்கும் கழிவு உண்டு என்று இரண்டு முறையும் அடித்துச் சொன்னார்.

அவர் அந்த அமைப்பின் ஆள் இல்லை, அதன் பெயரில் வண்டி பிடிக்கும் இடைத்தரகர் கம்பெனியின் ஆள் என்பது அப்புறம்தான் தெரிந்தது.

பிப்ரவரியில், தானம் கொடுத்த வண்டிக்கான வரிச் சான்றான 1098-சி படிவம் தபாலில் வந்தது. விற்ற தொகையைக் காட்டும் 4சி கட்டத்தில் 650 டாலர். ஏலத்தில் அவ்வளவுதான் போயிருக்கிறது. 500 டாலருக்கு மேல் கழிக்க வேண்டுமானால், அந்த அமைப்பு வண்டியை விற்றுவிட்ட பட்சத்தில், விற்ற தொகைதான் உச்சவரம்பு. 2005-லிருந்தே சட்டம் இதுதான். வண்டியை அவர்களே தங்கள் வேலைக்கு ஓட்டினாலோ, பெரிய அளவில் பழுது பார்த்தாலோ, ஏழைக் குடும்பத்துக்குச் சும்மாவோ அடிமாட்டு விலைக்கோ கொடுத்தாலோதான் சந்தை மதிப்பைக் கழிக்க முடியும். ஏலத்துக்கு அனுப்புகிறவர்களிடம் அந்தப் பேச்சுக்கே இடமில்லை.

சரி, 650-ஆவது கழியுமா? அதுவும் இல்லை. நாங்கள் வாடகை வீட்டில் இருக்கிறோம், வீட்டுக் கடன் வட்டி கிடையாது. அந்த வருடம் கணவன் மனைவி சேர்ந்து தாக்கல் செய்தால் செலவுக் கணக்குக் காட்டாமலே வருமானத்தில் கழித்துக்கொள்ளக்கூடிய நிலையான தொகையான ஃபெடரல் ஸ்டாண்டர்டு டிடக்‌ஷன் 27,700 டாலர். எங்கள் கழிவுகளை எல்லாம் கூட்டினாலும் அதில் பாதிகூட வராது. அந்த நிலையான தொகைக்குப் பதில் ஒவ்வொரு கழிவையும் தனித்தனியாகக் காட்டி ஐட்டமைஸ் செய்கிறவர்களுக்குத்தான் இந்தச் சலுகையே. அப்படிச் செய்திருந்தாலும் 22 சதவீத வரியில் மிச்சம் 143 டாலர். கீழ் வீட்டுக்காரரிடம் விற்று 2,500-க்கும் காசோலை எழுதியிருந்தால் அந்த அமைப்புக்கு முழுசாகப் போயிருக்கும். போன் போட்டுக் கேட்டேன். தரகர் கமிஷன், வண்டியை இழுத்துப் போன டோ செலவு எல்லாம் போக அவர்கள் கைக்கு வந்தது 200 டாலருக்கும் கீழே.

இது பேராசைக்கு விழுந்த அடி என்று விட்டுவிடலாம். அடுத்தது அப்படியில்லை.

டிசம்பர் 27 அன்று டோ டிரக்கில் வந்தவர் வண்டியின் உரிமைப் பத்திரமான டைட்டிலை அதன் டிக்கி மேல் வைத்து, ஒரு கோட்டைக் காட்டிக் கையெழுத்துப் போடச் சொன்னார். வாங்குபவர் பெயர் எழுதும் இடம் காலி. "அதை ஆபீஸில் நிரப்பிக்கொள்வார்கள்" என்றார். நானும் போட்டேன். ஒரு துண்டுச் சீட்டைக் கொடுத்துவிட்டு, நம்பர் பிளேட்டோடு வண்டியை இழுத்துப் போனார். இந்த மாநிலத்தில் வண்டி கைமாறினால் 5 நாளுக்குள் மாநில வாகனத் துறையான டிஎம்வி-க்கு, வண்டி இனி நம் பொறுப்பில் இல்லை என்று சொல்லும் பொறுப்பு விடுவிப்பு அறிவிப்பு கொடுக்க வேண்டும். ஆன்லைனில் ஐந்து நிமிட வேலை. "எல்லாம் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்ற வார்த்தையை நம்பி நான் செய்யவில்லை, அவர்களும் செய்யவில்லை.

மார்ச்சில், சான் பிரான்சிஸ்கோ பே பிரிட்ஜ் பாலத்தைக் கடந்ததற்குக் கட்டண நோட்டீஸ் வந்தது. ஒன்றல்ல, ஆறு. ஒவ்வொன்றிலும் என் பழைய பிளேட்டின் போட்டோ, பின் பம்பரில் என் மகன் சைக்கிளை இடித்த கீறல்கூடத் தெளிவாகத் தெரிந்தது. ஏலத்தில் எடுத்தவர் தன் பெயருக்கு மாற்றாமலே ஓட்டிக்கொண்டிருக்கிறார். கட்டணம் ஏழேழு டாலர்தான். ஆனால் அந்த வண்டி யார் மீதாவது மோதியிருந்தால்? அன்று இரவே டிஎம்வி அறிவிப்பைப் போட்டேன்.

கடைசியில் கைகொடுத்தது அந்த 1098-சிதான். அதில் விற்ற தேதி ஜனவரி 9 என்று இருந்தது. நகலை இணைத்துக் கடிதம் எழுதி, மூன்று முறை போனில் காத்திருந்து, ஆறில் ஐந்தை ரத்து செய்ய வைத்தேன். ஆறாவது ஜனவரி 6 தேதியிட்டது. அன்று வண்டியை யார் ஓட்டினார்கள் என்று தரகர் கம்பெனியிடம் கேட்டு இரண்டு ஈமெயில் போட்டேன், பதில் இல்லை. அந்த ஏழு டாலரை நானே கட்டினேன்.